நியூகாசில் நிலக்கரியும் தூலா சமோவாரும்: ஆங்கிலப் பழமொழிகளை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோவது பற்றி

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய மொழி படித்துவரும் நீங்கள், பயிற்சிக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையை ரஷ்ய மொழியில் பெயர்த்திருக்கிறீர்கள். ரோஜாத் தோட்டமே வைத்திருக்கும் தோழி வீட்டுக்கு ஒரு கொத்து ரோஜா வாங்கிப் போகலாமா என்று பேரன் கேட்கிறான். அது நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோன கதையாகிவிடும் என்கிறாள் அந்த ஆங்கிலேயப் பாட்டி. நீங்கள் அகராதியைப் புரட்டி, அங்கே கிடைத்தபடி, ‘தன் சமோவாரைத் (தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் ரஷ்ய உலோகக் கலத்தை) தூக்கிக்கொண்டு தூலாவுக்குப் போவது’ என்ற ரஷ்ய வழக்கை எழுதினீர்கள். ஆசிரியர் அதை அடித்துவிட்டார். அகராதியே தரும் இணையை எழுதியது எப்படித் தவறாகும், அப்படியானால் மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் முறையா என்பது உங்கள் முதல் கேள்வி. அதே கதையில் சூப்புச் சட்டியைச் சுற்றி நிற்கும் பெண்களைப் பார்த்துப் பாட்டி சொல்லும் இன்னொரு பழமொழியை என்ன செய்வது என்பது இரண்டாவது கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அகராதியும் தவறில்லை, ஆசிரியரும் தவறில்லை. அகராதி சொல்வது இரண்டு வழக்குகளும் ஒரே கருத்தைச் சொல்கின்றன என்பதை மட்டுமே. நியூகாசில் டைன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். லண்டன் நகரத்து அடுப்புகள் பல நூற்றாண்டுகள் எரிந்தது அங்கிருந்து கப்பலில் வந்த நிலக்கரியால். தூலா மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், துப்பாக்கித் தொழிலுக்கும் உலோக வேலைக்கும் பெயர்பெற்ற ஊர். லிசீத்சின் குடும்பத்தார் 1778இல் அங்கே சமோவார் பட்டறை தொடங்கினார்கள், அடுத்த நூற்றாண்டில் சமோவார் என்றாலே தூலா என்றாகிவிட்டது. எது எங்கே மலிந்து கிடக்கிறதோ அதை அங்கேயே கொண்டுபோவது வீண் என்ற கருத்து இரண்டிலும் ஒன்றே. ஆனால் அந்தப் பாட்டியின் வாயில் தூலா வந்தவுடன் அவள் ஆங்கிலேயப் பெண்மணியாக இல்லாமல் போகிறாள். அவள் தன் வாழ்நாளில் ஒரு சமோவாரைக் கண்ணால் பார்த்திருப்பாளா என்பதே ஐயம். இதே வாக்கியத்தைத் தமிழில் பெயர்க்கும் ஒருவர், ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்று பாட்டியைக் கேட்கவைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பொருள் ஒரு நொடியில் விளங்கிவிடும். அதே நொடியில் இங்கிலாந்தின் தோட்டமும் பாட்டியும் மறைந்து தாமிரபரணிக் கரை வந்து நிற்கும். உங்கள் ஆசிரியர் அடித்தது அதைத்தான்.

அதற்காக நிலக்கரியையே ரஷ்ய மொழியில் எழுத வேண்டும் என்றும் இல்லை. ‘நியூகாசிலுக்கு நிலக்கரி’ என்பது ஆங்கிலம் படித்த ரஷ்யர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பேரனுக்குப் பாட்டி போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல்லுக்கு அடிக்குறிப்பு போட்டால், ஒரு நொடியில் கடந்துபோக வேண்டிய வாக்கியத்தில் வாசகர் அரை நிமிடம் நின்றுவிடுவார். இங்கே மூன்றாவது வழி ஒன்று உண்டு. ரஷ்ய மொழியிலேயே ‘வ்லெஸ் த்ரவா நே வோஸ்யத்’, அதாவது ‘காட்டுக்கு விறகு கொண்டுபோக மாட்டார்கள்’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. காடும் விறகும் எந்த நாட்டுக்கும் தனி உரிமையானவை அல்ல. ஆங்கிலேயப் பாட்டி சொன்னாலும் பொருந்தும், ரஷ்ய வாசகருக்கும் தன் மொழி என்றே படும். நான் பெயர்த்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். அதே நேரத்தில், கதை நடப்பது நியூகாசில் பகுதியிலேயே என்றாலோ, பாட்டியின் கணவர் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்றாலோ, நிலக்கரியை விட்டுக்கொடுக்க மாட்டேன்; அப்போது வாசகரின் அந்த அரை நிமிடம் வீணாகாது.

ஆக, ஒரு தொடரைக் கண்டவுடன் ‘இதற்கு ரஷ்ய மொழியில் என்ன?’ என்று கேட்பதற்கு முன்னால், இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், சொல்லி என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். அறிவுரை கூறுகிறாரா, பேச்சை முடிக்கப் பார்க்கிறாரா, சிரிக்கவைக்கிறாரா, வருத்தத்தை மறைக்கிறாரா? இந்த விடை கையில் இல்லாமல் அகராதியைத் திறந்தால், அது தரும் ஐந்து இணைகளில் எதை எடுப்பது என்று தெரியாது. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை.

எளிதானவற்றை முதலில் கடந்துவிடலாம். ஆங்கிலமும் ரஷ்யமும் ஐரோப்பாவின் பொதுச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பழமொழிகள் ஏராளம். இரும்பு சூடாயிருக்கும்போதே அடிப்பது, மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது, நெருப்பில்லாமல் புகையாது என்பது, முதலைக் கண்ணீர் எல்லாம் இரண்டு மொழியிலும் அப்படியே உண்டு. பரிசாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்று ஆங்கிலம் சொல்வதை ரஷ்யம் ‘தர்யோனமு கன்யூ வ்ஸூபி நே ஸ்மோத்ரியத்’, அதாவது ‘பரிசுக் குதிரையின் பல்லைப் பார்க்க மாட்டார்கள்’ என்கிறது. குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் பைபிளை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம் லத்தீனில் எழுதும்போதே இதை ஊரார் சொல்லும் பழமொழி என்று குறிப்பிட்டிருக்கிறார். அவர் வாக்கியத்தில் இருப்பதும் பல்தான். இப்படிப்பட்டவற்றில் யோசிக்க அதிகம் இல்லை. சொல் ஒழுங்கை மட்டும் ரஷ்ய மரபுப்படி வைக்க வேண்டும். ஆங்கிலம் ‘பார்க்காதே’ என்று எதிரில் இருப்பவருக்குக் கட்டளையிடும் இடத்தில், ரஷ்யம் பெரும்பாலும் ‘பார்க்க மாட்டார்கள்’ என்று ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. ஆங்கிலக் கட்டளையை அப்படியே ஏவலாகப் பெயர்த்தால் பழமொழியின் வடிவம் கெட்டு, யாரோ ஒருவர் அதட்டுவது போல ஆகிவிடும்.

பைபிளிலிருந்து வந்த தொடர்கள் பொதுச் சேமிப்பைச் சேர்ந்தவைதாம் என்றாலும் அவற்றில் தனிக் கவனம் வேண்டும். அவற்றை நீங்களாகப் பெயர்க்கக் கூடாது. ரஷ்யர்களிடையே பழகிய வடிவம் 1876இல் முழுமையாக வெளிவந்த, ரஷ்யத் திருச்சபையின் பைபிளான சினோத் மொழிபெயர்ப்பிலும், அதற்கு முந்திய திருச்சபை ஸ்லாவிய மொழியிலும் ஏற்கெனவே உறைந்து நிற்கிறது. பன்றிகளுக்கு முன் முத்துகளைப் போடாதே என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துக்கு இன்றைய ரஷ்யச் சொல் ஜெம்சுக். ஆனால் தொடரில் வருவது ‘பீசெர்’. இன்று பீசெர் என்றால் பெண்கள் கோத்து வேலைப்பாடு செய்யும் சின்னஞ்சிறு பாசிமணி. பழைய மொழியில் அது முத்தைக் குறித்தது. இன்றைய பேச்சில் பொருள் மாறிய பின்னும் தொடருக்குள் பழைய சொல்லே உட்கார்ந்திருக்கிறது. அகராதியை நம்பி ஜெம்சுக் என்று திருத்தமாக எழுதினால், ரஷ்ய வாசகர் அது பைபிள் தொடர் என்பதையே கவனிக்காமல், யாரோ உண்மையிலேயே முத்துகளை வீசுகிறார்கள் என்று நினைக்கக்கூடும். ‘கண்ணுக்குக் கண்’ என்பதும் அப்படித்தான். கண்ணுக்கு அன்றாடச் சொல் க்லாஸ். தொடரிலோ கவிதையிலும் வேதத்திலும் மட்டுமே புழங்கும் பழஞ்சொல்லான ‘ஓக்கோ’ வரும்.

‘ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது’ என்ற மத்தேயு வசனத்தை ஒரு கணினி ரஷ்ய மொழிக்கும் அங்கிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கும் பெயர்த்து, ‘வோட்கா நன்றாக இருக்கிறது, இறைச்சிதான் கெட்டுவிட்டது’ என்று தந்ததாக ஒரு கதை பல பத்தாண்டுகளாகச் சுற்றிவருகிறது; ஆவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மதுவையும் குறிக்கும் என்பதே அதன் வேடிக்கை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்த இயந்திரமும் அப்படிச் செய்ததற்கு நம்பகமான பதிவு கிடையாது. 1954 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த புகழ்பெற்ற முதல் செயல்விளக்கத்தில், 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டும் கொண்ட ஐபிஎம் கணினி, ரஷ்யத்திலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் பெயர்த்தது. எதிர்த் திசையில் அல்ல. கதை பொய்யானாலும் அது தொடும் இடம் சரியானது. ரஷ்ய பைபிளில் அந்த வசனம் ‘தூஹ் போத்ர், ப்ளோத் ஜெ நெமஷ்னா’ என்று நான்கைந்து சொற்களில் நிற்கிறது. சொற்களின் குறுகிய வடிவங்களே அது வேதவாக்கு என்பதைக் காதுக்குச் சொல்லிவிடும். அதைத் தேடி எடுத்து வைப்பது மட்டுமே மொழிபெயர்ப்பாளரின் வேலை.

இனி, உண்மையிலேயே ஆபத்தான இடத்துக்கு வருவோம். ஒரே படிமத்தைக் காட்டி வேறொன்றைச் சொல்லும் தொடர்கள், இணையே இல்லாத தொடர்களைவிடக் கொடியவை. இணை இல்லாதபோது நாம் யோசிப்போம். இணை போலத் தெரியும்போது யோசிக்காமல் எழுதிவிடுவோம்.

உருளும் கல்லில் பாசி படியாது என்பது ஆங்கிலம். ‘பத் லிஜாச்சி காமென் வதா நே தெச்யோத்’, கிடக்கும் கல்லின் அடியில் தண்ணீர் ஓடாது என்பது ரஷ்யம். இரண்டிலும் கல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, அசைவு இருக்கிறது. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுகிறவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் ஆங்கிலப் பழமொழி, பழைய பொருளில், ஓரிடத்தில் நிலைக்காமல் அலைகிறவனுக்கு ஒன்றும் சேராது என்று அலைச்சலைக் கண்டிக்கிறது. ரஷ்யப் பழமொழி கையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவனுக்கு ஒன்றும் வராது என்று சோம்பலைக் கண்டிக்கிறது. வேலை மாற்றிக்கொண்டே இருக்கும் மகனைத் தந்தை ஆங்கிலத்தில் கண்டிக்கும் வாக்கியத்தை இப்படிப் பெயர்த்தால், ரஷ்ய நூலில் அதே தந்தை மகனை இன்னும் ஓடச் சொல்லி ஊக்குவிப்பவராகிவிடுவார். போதாக்குறைக்கு, இன்றைய ஆங்கிலத்தில் பலர் உருளும் கல்லைப் புகழ்ச்சியாகவே சொல்கிறார்கள். பாசி படியாமல் இருப்பது துருப்பிடிக்காமல் இருப்பது போல என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பொருளில் வந்தால் கிடக்கும் கல் அருகில் வரும். ஒரே ஆங்கில வாக்கியத்துக்கு, சொல்கிறவர் பழைய தலைமுறையா புதிய தலைமுறையா என்பதைப் பொறுத்து, ஒரு ரஷ்யப் பழமொழி முற்றிலும் தவறாகவும் ஏறத்தாழச் சரியாகவும் இருக்க முடிகிறது. இதை எந்த அகராதியும் உங்களுக்காக முடிவு செய்து தராது.

ரொட்டிக்காரரின் டஜன் என்று ஆங்கிலம் சொல்லும் எண்ணிக்கை பதின்மூன்று. ரஷ்யத்தில் பதின்மூன்றுக்கு ‘சோர்த்தவா த்யூஜினா’, சாத்தானின் டஜன். எண் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ரொட்டி வாங்கினவருக்குக் கொசுறாக ஒன்று சேர்த்துக் கொடுக்கும் தாராளம் இருக்கிறது. ரஷ்யத்தில் கெட்ட எண்ணின் அச்சம் இருக்கிறது. கடைக்காரி அன்போடு ஒரு பன்னைக் கூடுதலாகப் பையில் போடும் காட்சியில் சாத்தானை அழைத்து நிறுத்தக் கூடாது. வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன் என்ற ஆங்கிலத் தொடருக்குச் சிலர் ‘சட்டையோடு பிறந்தவன்’ என்ற ரஷ்யத் தொடரை வைப்பார்கள். சட்டை என்பது பிறக்கும்போது குழந்தையின் மேல் ஒட்டியிருக்கும் பனிக்குடச் சவ்வு. அப்படிப் பிறந்தவன் கண்டத்திலிருந்து தப்பிக்கும் அதிர்ஷ்டசாலி. கரண்டிக்காரனோ பணக்கார வீட்டுப் பிள்ளை. ரயில் விபத்தில் கீறலில்லாமல் பிழைத்த ஏழைக்குச் சட்டை பொருந்தும், கரண்டி பொருந்தாது. மூக்கைப் பிடித்து இழுத்துச் செல்வதும் அப்படியே: ஆங்கிலத்தில் அது ஒருவரைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது, ரஷ்யத்தின் ‘வதீத் ஸா நோஸ்’ வாக்குக் கொடுத்து ஏமாற்றிக்கொண்டே இருப்பது.

ரோமாபுரியில் இருந்தால் ரோமர்களைப் போல நட என்பதற்கு வழக்கமாகத் தரப்படும் இணை, ‘அடுத்தவர் மடத்துக்குத் தன் உஸ்தாவோடு போக மாட்டார்கள்’ என்பது. உஸ்தாவ் என்பது ஒரு துறவிமடத்தின் ஒழுங்கு விதிகள். இது தவறான இணை அல்ல, நல்ல இணை. ஆனாலும் இரண்டும் எதிர்ப் பக்கங்களிலிருந்து பேசுகின்றன. ஆங்கிலம் விருந்தாளியிடம் ‘நீயும் அப்படியே செய்’ என்று கதவைத் திறந்துவிடுகிறது. ரஷ்யம் ‘உன் விதியை இங்கே நுழைக்காதே’ என்று வாசலில் மறிக்கிறது. வெளிநாட்டில் நண்பன் முதல்முறையாக ஒரு புதிய உணவைத் தட்டில் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி ‘ரோமாபுரியில் இருந்தால்…’ என்று பாதியில் நிறுத்தும் இடத்தில் மடத்து விதியை வைத்தால், அவன் யாரையோ குத்திக்காட்டுவது போல ஒலிக்கும். அங்கே நான் பழமொழியையே கைவிட்டு, ‘சரி, எல்லாரும் செய்வதை நானும் செய்கிறேன்’ என்ற பொருள்பட எளிய ரஷ்ய வாக்கியம் ஒன்றை எழுதுவேன். பழமொழிக்குப் பழமொழி வைத்தே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. ஓரிடத்தில் இழந்ததை, ரஷ்ய மொழி தானாகவே ஒரு நல்ல தொடரை நீட்டும் வேறோர் இடத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். மூலத்தில் வெறும் வினைச்சொல் இருக்கும் இடமாகவும் அது இருக்கலாம்.

பேச்சின் தரம் என்ற ஒன்றையும் அளக்க வேண்டும். வாளியை உதைத்தான் என்று ஆங்கிலம் சொல்வதை நாம் ‘மண்டையைப் போட்டான்’ என்போம். ‘காலமானார்’ என்று ஒருபோதும் பெயர்க்க மாட்டோம். ரஷ்யத்தில் இந்தப் படிக்கட்டு மிக நீளமானது. இரங்கல் குறிப்புக்கு ‘ஸ்கன்சால்ஸ்யா’, பொதுவாக ‘ஊமெர்’, கிராமத்துப் பெரியவர் மரியாதையும் மென்மையும் கலந்து சொல்ல ‘ப்ரிகஸால் தோல்கா ஜித்’, அதாவது மற்றவர்களை நெடுநாள் வாழச் சொல்லிவிட்டுப் போனார், கீழே இறங்கினால் பெட்டிக்குள் போனான், காலை நீட்டினான், ஸ்கேட்டுகளைக் கழற்றி எறிந்தான் என்று பல. கப்பல்காரர்கள் வழியாக வந்ததொன்று, ‘கட்டுக்கயிற்றை விட்டுவிட்டான்’ என்பது. இவை எல்லாமே வாளிக்கு இணையாக அகராதியில் அடுத்தடுத்து நிற்கும். பேசுகிறவர் மாலுமியா, சிறைவாசியா, பள்ளிப் பையனா என்று பார்க்காமல் முதலில் கிடைத்ததை எடுத்தால், பையன் மாலுமியாகிவிடுவான்.

ஒலி பற்றி ஒரு சொல். ரஷ்யப் பழமொழிகள் எதுகை இயைபில் பெரும் மோகம் கொண்டவை. அவசரம் வீணாக்கும் என்பதற்கு ‘பஸ்பெஷீஷ், ல்யுதேய் நஸ்மெஷீஷ்’, அவசரப்பட்டால் ஊரைச் சிரிக்கவைப்பாய். வலியில்லாமல் பலனில்லை என்பதற்கு உழைப்பில்லாமல் குளத்திலிருந்து சின்ன மீனைக்கூட எடுக்க முடியாது என்ற பொருளில் ‘த்ருதா’, ‘ப்ருதா’ என்று இயைந்து முடியும் ஒன்று. மனிதன் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பதில், லத்தீன் வழி வந்த ஆங்கிலத்தின் இரண்டு வினைகளும் இயைவது போலவே, ரஷ்யத்திலும் ‘ப்ரெத்பலகாயெத்’, ‘ரஸ்பலகாயெத்’ என்று அமைந்துவிட்டது ஒரு கொடுப்பினை. எதிர்த் திசையில் அந்தக் கொடுப்பினை எப்போதும் வாய்ப்பதில்லை: ‘தவெர்யாய், நோ ப்ரவெர்யாய்’ என்ற ரஷ்யப் பழமொழியை, ‘நம்பு, ஆனால் சரிபார்’ என்று பொருள்பட, அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சோவியத் தலைவர் கர்பச்சோவிடம் விடாமல் சொல்லிவந்தார், 1987 டிசம்பரில் ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தான மேடையிலும் அதைச் சொல்ல, ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்கள் என்று கர்பச்சோவ் கூற அரங்கம் சிரித்தது. ஆங்கிலத்தில் பொருள் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது, இயைபு போகவில்லை. அதனால்தான் ரீகன் அதை ரஷ்ய மொழியிலேயே உச்சரித்தார் போலும்.

பாதியில் நிற்கும் பழமொழிகளும் உண்டு என்று ரோமாபுரி விஷயத்தில் தொட்டேன். பேச்சில் யாரும் முழுப் பழமொழியைச் சொல்வதில்லை. தலையைச் சொன்னால் வால் கேட்பவர் மனதில் ஓடும். ஆங்கிலத்தில் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தால், நீங்கள் எடுக்கும் ரஷ்யப் பழமொழியும் பாதியில் நிறுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். ‘கோலத் நே த்யோத்கா’, பசி ஒன்றும் அத்தை அல்ல என்றாலே போதும். அத்தையைப் போல இரகசியமாகப் பணியாரம் தராது என்ற பின்பாதியை இன்று யாரும் சொல்வதில்லை. அதைச் சேர்த்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் பழமொழியை அறிந்தவராகத் தெரிவார், பேசத் தெரிந்தவராகத் தெரியமாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் தொடர் தன் படிமத்தை மறந்து, பழகிய காசு போலக் கைமாறும்போது. எழுத்தாளர் அந்தப் படிமத்தை எழுப்பி விளையாடத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகும். அப்போது பொருளைவிடப் படிமம் முக்கியம். ஆங்கிலத்தில் பெருமழை பெய்தால் பூனையும் நாயும் பெய்கின்றன. ரஷ்யத்தில் வாளியிலிருந்து கொட்டுவது போல ஊற்றுகிறது. சாதாரண வாக்கியத்துக்கு வாளி போதும். ஆனால் ‘பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று மாமா சொன்னதும், அடுப்பருகே படுத்திருந்த எங்கள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது’ என்று ஒரு வரி வந்தால், வாளியைக் கேட்டு நாய் ஏன் தலையைத் தூக்க வேண்டும்? இங்கே எனக்கு உதவியது, மோசமான வானிலைக்கு ரஷ்யர்கள் சொல்லும் வேறொரு தொடர்: இப்படிப்பட்ட நாளில் நல்ல எஜமானன் தன் நாயைக்கூட வெளியே துரத்த மாட்டான். மாமா அதைச் சொல்லட்டும். நாய் தலையைத் தூக்குவதற்கு இப்போது மூலத்தில் இருந்ததைவிட நல்ல காரணமே இருக்கிறது. பூனை போய்விட்டது, அந்த வரிக்குப் பூனை தேவைப்படவில்லை.

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால், லூயிஸ் கரோலின் ஆலிஸின் அற்புத உலகம் ரஷ்ய மொழிக்குப் போன வரலாற்றைப் பாருங்கள். அந்த நூலில் மரபுத்தொடர்களே பாத்திரங்களாக எழுந்து நடமாடுகின்றன. செஷயர் பூனையைப் போல இளிப்பது, தொப்பிக்காரனைப் போலப் பைத்தியமாக இருப்பது ஆகியவை நூலுக்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த வழக்குகள். 1923இல் பெர்லினில் வெளியான தம் மொழிபெயர்ப்பில் இளம் ரஷ்ய எழுத்தாளர் நபோகோவ் ஆலிஸை ஆன்யா என்ற ரஷ்யச் சிறுமியாக்கினார்; பூனையை ‘மாஸ்லெனித்சா பூனை’ ஆக்கினார். மாஸ்லெனித்சா, பெருநோன்புக்கு முந்திய, அப்பமும் வெண்ணெயும் பொங்கி வழியும் வாரம். பூனைக்கு என்றும் மாஸ்லெனித்சா இல்லை என்பது ரஷ்யப் பழமொழி. தொடரிலிருந்து பிறந்த பூனைக்குப் பதிலாக, இன்னொரு தொடரிலிருந்து பிறந்த பூனை. அழகான தீர்வுதான், ஆனால் அது சிறுமியும் ரஷ்யப் பெண்ணாகிவிட்ட நூலில் மட்டுமே நிற்கும். நீனா தெமூரவாவின் மொழிபெயர்ப்பு முதலில் 1967இல் சோஃபியாவிலும், திருத்திய வடிவம் 1978இல் மாஸ்கோவிலும் வந்தது. அவர் ஆலிஸை ஆங்கிலச் சிறுமியாகவே விட்டார், பூனையையும் செஷயர் பூனையாகவே விட்டார். ஆனால் தொப்பிக்காரரிடம் வந்தபோது நின்று யோசித்திருக்கிறார். தொப்பி செய்வோர் பாதரசத்தைக் கையாண்டு மூளை கலங்கினார்கள் என்பது ஆங்கிலத் தொடருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ரஷ்யத்தில் தொப்பிக்கும் பைத்தியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் கண்டெடுத்த பெயர் பல்வான்ஷிக். தொப்பியை வடிவமைக்க மாட்டிவைக்கும் மரக்கட்டைக்கு ரஷ்யத்தில் ‘பல்வான்’ என்று பெயர். மரமண்டைக்கும் அதே சொல்தான். தொழிலும் மூடத்தனமும் ஒரே சொல்லில். இந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்து வியந்திருக்கிறேன்.

செஷயர் பூனையை விட்டுவைத்ததன் பயன் பின்னால் தெரிந்தது: அந்தப் பூனையின் புன்னகை இன்று ரஷ்யர்களே பயன்படுத்தும் வழக்கு. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு எப்போதும் தோல்வி அல்ல, சில வேரூன்றும். ‘நேரம் பணம்’ என்ற பிராங்க்ளினின் வரியும், மறைத்துவைத்த இரகசியத்தைக் குறிக்கும் அலமாரிக்குள் எலும்புக்கூடு என்பதும் ரஷ்யத்தில் அப்படி ஊன்றிவிட்டவை. அறைக்குள் யானை என்பது அண்மைக் காலத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. ஆனால் இங்கே வாசலில் ஏற்கெனவே ஒரு யானை நிற்கிறது. ரஷ்யக் கவிஞர் கிரிலோவ் 1814இல் எழுதிய நீதிக்கவிதையில் ஒருவன் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பூச்சிகளையும் ஈக்களையும் கண்டு வியந்து திரும்புகிறான். யானையைப் பார்த்தாயா என்று கேட்டால், அதைத்தான் நான் கவனிக்கவில்லை என்கிறான். அந்தக் கடைசி வரி பழமொழியாகிவிட்டது. ஆங்கில யானையை எல்லாரும் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள்; கிரிலோவின் யானையை ஒருவன் உண்மையிலேயே பார்க்கவில்லை. கோழைத்தனத்துக்கும் கவனக்குறைவுக்கும் உள்ள தூரம் அது. ரஷ்யத்தில் யானையை எழுதும்போது, அது எந்த யானை என்பதை அடுத்த வாக்கியமாவது தெளிவாக்க வேண்டும்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக: அலெக்சாந்தர் கூனினின் ஆங்கில–ரஷ்ய மரபுத்தொடர் அகராதி 1955இல் முதலில் வந்தது, 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 20,000 தொடர்கள் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு நூல்களிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு. இணையை மட்டும் பார்க்காமல் அந்த வாக்கியங்களைப் படியுங்கள். 30,000க்கும் மேற்பட்ட பழமொழிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த விளாதீமிர் தாலின் 1862ஆம் ஆண்டு நூல், இணை கிடைக்காத வேளையில் உலாவுவதற்கு நல்ல காடு. ஆனால் அங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி இன்று யார் வாயிலும் இல்லை. ஆகவே கிடைத்ததை ரஷ்ய மொழித் தேசியத் தரவகத்தில் (எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய, தேடிப் பார்க்கக்கூடிய வாக்கியத் தொகுப்பில்) இட்டு, அண்மைக் காலத்தில் யார் எந்தச் சூழலில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பின்னும், ரஷ்யத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் உங்கள் வரியை உரக்கப் படிக்கக் கேளுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே குறி இடுங்கள். நம்மைப் போல வெளியிலிருந்து அந்த மொழிக்குள் போனவர்களுக்கு இதற்கு மாற்று கிடையாது.

இனி உங்கள் சூப்பு. மூன்று பெண்கள் ஒரே சட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். உப்பை மற்றவள் போட்டிருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துவிட, சூப்பு உப்பில்லாமல் மேசைக்கு வருகிறது. சமையல்காரர் பலரானால் சூப்பு கெடும் என்கிறாள் பாட்டி. இதற்கு எல்லா அகராதியும் தரும் இணை, ஏழு செவிலியர் இருந்தால் குழந்தைக்கு ஒரு கண் போகும் என்பது: ‘உ செமீ ந்யானெக் தித்யா பெஸ் க்லாஸு’. ஓர் அலுவலகக் குழுவைப் பற்றிய பேச்சில் இதைத் தயங்காமல் வைக்கலாம். இங்கே முடியாது, மேசை மேல் உண்மையான சூப்பு இருக்கிறது, குழந்தை எங்கும் இல்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் விளங்கும், ஆனால் அது பழமொழியாகக் கேட்காது. பாட்டி சமையல் குறிப்பு சொல்வது போல இருக்கும். நான் செய்யக்கூடியது, ரஷ்யப் பழமொழியின் அச்சை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றுவது: ‘உ செமீ பவரீஹ் சூப் பெஸ் சோலி’, ஏழு சமையல்காரிகள் இருந்தால் சூப்புக்கு உப்பில்லை. ஏழு என்ற எண்ணும், ‘பெஸ்’ என்ற இன்மைச் சொல்லும், நிறுத்தும் இடமும் அப்படியே இருப்பதால் ரஷ்யக் காது பழைய பழமொழியை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கண் இருந்த இடத்தில் உப்பு இருப்பதைக் கேட்டு மேசையைப் பார்க்கும். மூன்று பெண்களை ஏழு என்கிறாளே என்று உங்கள் ஆசிரியர் கேட்டால், பழமொழியின் ஏழு எண்ணிக்கை அல்ல என்று சொல்லுங்கள். தாலின் தொகுப்பில் ஏழுக்குப் ‘பல’ என்ற பொருளில் வரும் பழமொழிகள் வரிசையாக நிற்கும், காட்டலாம்.